கடலூர் ரோட்டுக்கு நேக்கடா, ஸ்போர்ட்டா?

திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. சோறு போடுவது துறைமுகத்துப் படகுகளின் ஷாஃப்டும், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு டிராக்டர்களின் புஷ்களும்தான். பைக் வேலை நான் தேடிப் போகாமலே வந்து சேர்ந்தது. வண்டிப் பைத்தியம் பிடித்த லேத்காரன் ஒருவன் இருக்கிறான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் தூக்குவதற்குள் இரண்டு வண்டி வாசலில் நிற்கும். வேலை முடியும்வரை பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள். முந்நூறு சிசியிலிருந்து அறுநூற்றைம்பது வரை எல்லா வண்டியையும் வாயாலேயே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போடுவார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்க. நேக்கட் எடுக்கலாமா, ஸ்போர்ட் எடுக்கலாமா?" என்பார்கள்.

நேக்கட் என்றால் மூடி எதுவும் இல்லாமல் என்ஜின் வெளியே தெரியும் வண்டி. ஸ்போர்ட் என்றால் ஃபேரிங், அதாவது முன்னாலும் பக்கவாட்டிலும் பிளாஸ்டிக் பேனல் மூடிய, குனிந்து ஓட்டும் வண்டி. கடலூரில் இருந்துகொண்டு தினமும் ஓட்டப் போகிறாய் என்றால் நேக்கட். இதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஏன் என்று கேட்டால்தான் வேலை கெடுகிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன், இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம்.

முதலில், அவர்கள் சண்டை போடுகிற முறையே எனக்குப் பிடிப்பதில்லை. பிராஷரில் பிஎஸ், அதாவது குதிரைசக்தி போட்டிருக்கும் வரியோடு படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். யமஹா ஆர்3க்கு 42 பிஎஸ், ட்ரையம்ஃப் ஸ்பீட் 400க்கு 40 பிஎஸ், ஆக ஆர்3தான் பவர், கேஸ் முடிந்தது! அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. டார்க், அதாவது என்ஜினின் இழுவை. அதிலும் டார்க் எவ்வளவு என்பதைவிட, எத்தனையாவது ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, அது வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆர்3இன் 29.5 நியூட்டன் மீட்டர் 9000 ஆர்பிஎம்மில் வருகிறது. கவாசாகி நிஞ்ஜா 300இன் 26.1 வருவதற்கு 10000 ஆக வேண்டும். ஸ்பீட் 400 தன் 37.5ஐ 6500இலேயே கொடுத்துவிடுகிறது. ராயல் என்ஃபீல்டு கெரில்லா 450 இன்னும் கீழே, 5500இல் 40.

மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முன்னால் ஒரு தனியார் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, இடையில் திடீரென்று குறுக்கே வரும் டிவிஎஸ் ஃபிஃப்டி என்று போகிறவன் 9000 ஆர்பிஎம்மை எந்த இடத்தில் போய்த் தொடுவான்? மூன்றாவது கியரில், நாலாயிரத்தில், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு இடைவெளி கிடைக்கிறது. அப்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி உடனே இழுக்கிறதா, இல்லை இரண்டு கியர் குறைத்துக் கெஞ்ச வேண்டியிருக்கிறதா? நம் ஊர்க் கணக்கு இவ்வளவுதான். ஆர்3 நல்ல வண்டியில்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த இரட்டை சிலிண்டர் நூறைத் தாண்டியபிறகு காட்டும் நிதானத்தை எந்த ஒற்றை சிலிண்டரும் காட்டாது. நூறைத் தாண்டுவதற்கு இடம்தான் வேண்டும்.

சரி, நேக்கட்–ஸ்போர்ட் விஷயத்துக்கு வருவோம். டியூக்கை நிஞ்ஜாவோடும், கெரில்லாவை ஆர்3யோடும் வைத்துப் பேசினால் எது எதனால் வந்த வித்தியாசம் என்று பிரிக்கவே முடியாது. ஒரே என்ஜினில் இரண்டு உருவமாக வரும் ஜோடியை எடுக்க வேண்டும். இப்போது அப்படி நிறைய இருக்கின்றன. யமஹாவில் எம்டி-03, ஆர்3. ஏப்ரிலியாவில் டுவோனோ 457, ஆர்எஸ் 457. கவாசாகியில் இசட்650, நிஞ்ஜா 650. கேடிஎம்மில் டியூக் 390, ஆர்சி 390 என்றும் ஒரு ஜோடி இருந்தது. 2023இல் டியூக் 399 சிசி என்ஜினுக்கு மாறிவிட்டது, ஆர்சி பழைய 373இலேயே நின்றது, அதனால் இனி அது நேரான ஒப்பீடு ஆகாது. அப்புறம் டிவிஎஸ்ஸின் ஆர்டிஆர் 310, ஆர்ஆர் 310. இந்தக் கடைசி ஜோடி எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆர்டிஆர் என்னுடையது. ஆர்ஆர் வைத்திருப்பவன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி.

இரண்டும் ஓசூரில் தயாராகும் வண்டிகள். 312 சிசி, ஒற்றை சிலிண்டர், பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கியது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆரிலும் இதேதான். வழக்கமான என்ஜினைத் திருப்பி வைத்தது போல இருக்கும்: சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று முன்னால் உள்ளே போகும், புகை பின்னால் வெளியே வரும். ஆர்ஆர் 2017 டிசம்பரில் வந்தபோது 34 பிஎஸ். 2024இல் அதை 38 ஆக்கி, பக்கவாட்டில் இறக்கை வேறு ஒட்டினார்கள். அந்த இறக்கை சுமார் 3 கிலோ அழுத்தம் தருமாம்; கம்பெனி கணக்கு. மச்சானுடையது இந்த இறக்கை வைத்த மாடல். 2023 செப்டம்பரில் வந்த ஆர்டிஆருக்கு 35.6 பிஎஸ்தான். பிஎஸ் வரியை மட்டும் படிக்கிறவனுக்கு ஸ்போர்ட் ஜெயித்துவிட்டது. அடுத்த வரியைப் படியுங்கள்: ஆர்டிஆரின் 28.7 நியூட்டன் மீட்டர் 6650 ஆர்பிஎம்மில், ஆர்ஆரின் 29 நியூட்டன் மீட்டர் 7900இல். ஒரே என்ஜின்தான், ஆனால் நேக்கட்டில் 1250 ஆர்பிஎம் முன்னதாகவே உச்ச இழுவை வந்துவிடுகிறது. எந்த வண்டி எங்கே ஓடப் போகிறது என்று ஓசூரில் உட்கார்ந்து யோசித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்குகிறவனுக்குத்தான் தெரியவில்லை.

நானும் மச்சானும் அவ்வப்போது சாவியை மாற்றிக்கொள்வோம். என் வண்டியை வாங்கும்போது அவன் எதுவும் சொல்ல மாட்டான். அவன் வண்டியை எனக்குக் கொடுக்கும்போது மட்டும், "மாமா, ஸ்டாண்ட் போடும்போது பாத்து. மாமா, பெயின்ட்டு பத்திரம். மாமா, சந்துல நானே எடுத்துக் குடுத்துடறேனே" என்று பின்னாலேயே வருவான். அந்தச் சந்து விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

உட்கார்ந்ததும் வித்தியாசம் கையில்தான் தெரியும். ஆர்டிஆரில் ஹேண்டில்பார் ஒரே நீளக் குழாய், அகலமாக, உயரமாக இருக்கிறது. ஆர்ஆரில் கிளிப்-ஆன், அதாவது ஃபோர்க்கின் இரண்டு காலையும் தனித்தனியாகக் கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு குட்டைக் குழாய்கள். இந்த ரகத்தில் ஆர்ஆர் சாதுவானது. கிளிப்-ஆனைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கிறார்கள். ஆர்சி 390இல் ஏறிப் பார்த்தால் இன்னும் குனிய வேண்டியிருக்கும். எந்த அளவாக இருந்தாலும் சரி, உடம்பு முன்னால் சாய்கிறது, மேலுடம்பின் எடையில் ஒரு பங்கு உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்குகிறது. தொடையால் டேங்கைக் கவ்வு, வயிற்றை இறுக்கு, கையைத் தளர்த்து என்று யூடியூபில் பாடம் எடுக்கிறார்கள். பாடம் சரிதான். மரப்பாலத்தில் இருந்து முருங்கப்பாக்கம் தாண்டும்வரை சாயங்காலம் ஆறு மணிக்கு அடி அடியாக நகர்கிறவன் வயிற்றை எத்தனை நேரம் இறுக்கிக்கொண்டிருப்பான்? ஒவ்வொரு பிரேக்குக்கும் முழு உடம்பும் மணிக்கட்டில் வந்து விழும்.

ஸ்போர்ட் பைக்கை வரைந்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அந்த எடையைத் தாங்க அவர்கள் நம்பியிருப்பது எதிர்க்காற்றை. வேகம் ஏற ஏற, தோளிலும் நெஞ்சிலும் மோதும் காற்று உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் சாய்வும் தள்ளலும் சமமாகிவிடும், மணிக்கட்டு சும்மா பிடித்திருந்தால் போதும். இதில் ஒரு சங்கதி, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40இல் இருப்பதைப் போல 80இல் நாலு மடங்கு. அப்படியானால் 80இல் கிடைக்கிற தாங்கலில் கால் பங்குதான் 40இல் கிடைக்கும். என் உடம்புக்கு, என் ஐந்தடி நாலங்குல உயரத்துக்கு, ஆர்ஆரில் எழுபத்தைந்து எண்பது வரும்போதுதான் கை "அப்பாடா" என்கிறது. அதற்குக் கீழே எல்லாம் நானே என்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இப்போது கடலூர்–புதுச்சேரி ரோட்டை நினைத்துப் பாருங்கள். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோவில், தவளக்குப்பம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும். முள்ளோடையில் எல்லை. தாண்டியதும் பெட்ரோல் விலை குறைவு என்பதால் பங்க் வாசலில் டிஎன் 31 வண்டிகள் இண்டிகேட்டர் போடாமல் திரும்பும். பக்கத்திலேயே மதுக்கடைகள், அதனால் இருட்டியபிறகு யார் எப்படி ரோட்டைக் கடப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டி போட்டு ஓடும் தனியார் பஸ்கள் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. இதில் எண்பது எங்கே? அறுபதே ஓரிரண்டு இடத்தில்தான் கிடைக்கும். காற்றை நம்பிச் செய்த வண்டியைக் காற்றே கிடைக்காத ரோட்டில் ஓட்டிவிட்டு, "ஸ்போர்ட் பைக்னா கை வலிக்கும் அண்ணே" என்று வந்து நிற்கிறார்கள். ஜிம்முக்குப் போ என்று இன்னொருவன் அறிவுரை சொல்வான்.

நேக்கட்டில் இது தலைகீழ். 30, 40இல் முதுகு நிமிர்ந்து, கை லேசாக இருக்கும். ஹேண்டில்பார் அகலமானதால் பள்ளத்தைக் கண்டு விலக்க விரலால் தள்ளினால் போதும். நீள ஸ்பானருக்குக் கொஞ்ச பலம் போதும் என்பது மாதிரிதான். ஆனால் தொண்ணூறைத் தாண்டியதும் வேறு கதை தொடங்குகிறது. காற்று நெஞ்சில் நேராக அடிக்கிறது. பின்னால் போய் விழாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டும். ஹெல்மெட் ஆடும், கழுத்து கடுக்கும். என்ஜினுக்கும் இதே தொல்லை உண்டு: காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் (கியூப்) ஏறும், 80இல் இருந்து 100க்குப் போனால் அந்தச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. முன்னால் ஃபேரிங் இருக்கிற வண்டி இதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும்.

அந்த மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். விடியற்காலையில் முத்தியால்பேட்டையில் கிளம்பி, கோட்டக்குப்பம், காலாப்பட்டு தாண்டி மரக்காணம் பக்கம் ஈசிஆரில் போனால் ஆர்ஆர் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். கண்ணாடிக்குப் பின்னால் தாடையை இறக்கிக்கொண்டால் காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. ஆறாவது கியரில் என்ஜின் ஒரே சுருதியில் பாடும். நேராகப் போகும்போது அந்த வண்டி ரோட்டில் உட்காரும் உட்காரலை என் ஆர்டிஆர் கொடுக்கவில்லை, அதை நான் மச்சானிடமே ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான்குவழியாக்கும் வேலை முழுவதும் முடிந்தால் அவனுக்கு இன்னும் கொண்டாட்டம். கேமராக்களுக்கும்.

அதே ரோட்டில் மத்தியானம் திரும்பி வாருங்கள். கடற்காற்று எழுந்துவிட்டிருக்கும். மரக்காணத்தில் உப்பளம் ஒரு பக்கம் வெட்டவெளியாகக் கிடக்க, கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு மரம், வீடு எதுவும் தடையில்லாத இடங்கள் உண்டு. பக்கவாட்டில் முழு ஃபேரிங் போட்ட வண்டிக்கு அது பாய்மரம் கட்டிய கணக்கு. சவுக்குத் தோப்பின் மறைவில் இருந்து வெளியே வரும் நொடியில் வண்டி ஒரு முழம் நகரும். நேக்கட்டில் காற்று இடுக்கு வழியாகப் பூந்து போய்விடும், தள்ளல் குறைவாகத்தான் தெரியும். ஸ்போர்ட் பைக் ரிவ்யூ எதிலும் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் எல்லாம் புனே பக்கத்தில் ஓட்டுகிறார்கள்.

இப்போது அந்தச் சந்து. மச்சான் வீடு முத்தியால்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. இரண்டு ஸ்கூட்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். கிளிப்-ஆன் வைத்த வண்டிகளில் ஹேண்டிலை முழுக்கத் திருப்ப முடியாது, கை டேங்கிலோ ஃபேரிங்கிலோ இடிக்கும் என்பதால் திரும்பும் அளவையே குறைத்துவிடுவார்கள். என் வண்டியை அந்தச் சந்தில் ஒரே மூச்சில் திருப்பிவிடலாம். அவன் வண்டியை முன்னால், பின்னால், மறுபடி முன்னால் என்று தள்ளித் தள்ளித்தான் வெளியே எடுக்க முடியும். ஆர்ஆரின் சீட் 810 மில்லிமீட்டர், ஆர்டிஆரின் சீட் 800. பத்து மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று உயரமானவர்கள் கேட்பார்கள். தேவனாம்பட்டினம் ரோட்டோரத்தில் மணல் மேல் காலை ஊன்றி, உடம்பு முன்னால் சாய்ந்த நிலையில் 174 கிலோவைப் பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். என்னைப் போலக் குட்டையானவர்களுக்கு ஆர்3, எம்டி-03 இரண்டின் 780 மில்லிமீட்டர் சீட் உண்மையிலேயே வரம்.

பின்சீட்டைப் பற்றி என் தீர்ப்பு செல்லாது, மனைவியின் தீர்ப்புதான் செல்லும். தம்பி புது வண்டி வாங்கிய பாசத்தில் அவள் முத்தியால்பேட்டையில் இருந்து மணக்குள விநாயகர் கோயில் வரை ஆர்ஆரின் பின்னால் போனாள். திரும்பும்போது ஆட்டோவில் வந்தாள். "மேல ஏத்தி உட்கார வச்சிட்டு, பிடிக்கறதுக்கு ஒண்ணும் குடுக்கல. அவன் பிரேக் போட்டா நான் அவன் முதுகுல ஏறி நிக்கறேன்" என்றாள். சட்டத்துக்காகச் சாரி கார்டு மாட்டியிருக்கிறார்கள், ஆனால் சேலை கட்டியவள் அந்தச் சீட்டில் எப்படி ஏறுவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. இது அந்த வண்டிக்கு மட்டும் சொல்வதல்ல, ஸ்போர்ட் வண்டிகளின் பின்சீட் எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான். என் வண்டியின் பின்சீட்டும் சோபா கிடையாது. ஆனாலும் பண்ருட்டி வரை போய்ப் பலாப்பழம் வாங்கி, அதை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவனுக்கு உப்பு ஒரு நிரந்தர விருந்தாளி. போல்ட் தலையில் முதலில் வெள்ளை பூக்கும், அப்புறம் சிவப்பு. நேக்கட்டில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ரேடியேட்டர், ஹோஸ் கிளாம்ப், என்ஜின் மவுன்ட் போல்ட் எல்லாம் வெளியே இருப்பதால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்துத் துடைத்தால் தீர்ந்தது. ஃபேரிங் வண்டியில் ஈர உப்பு மணல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும். பேனலைக் கழற்றினால் உள்ளே கிளாம்ப் திருகைத் திருப்பக்கூட முடியாது, பாதி நேரம் நான் டிரில் போட்டுத்தான் எடுப்பேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியதும், அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருகி வந்ததும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அதற்கு அப்புறம் பட்டறைக்கு வந்த வண்டிகளில் வீல் பேரிங்கும், காலிப்பர் பின்னும், ஸ்விங்ஆர்ம் புஷ்ஷும்தான் அதிகம். வெள்ளத்தில் நின்ற நேக்கட்டை ஒரு நாளில் பிரித்துக் காயவைக்கலாம். ஃபேரிங் வண்டி என்றால் பேனல் கழற்றவே அரை நாள் ஓடிவிடும். அதில் ஒடியும் பிளாஸ்டிக் காதுகளுக்குக் கணக்கில்லை.

ஃபிரேம் ஸ்லைடரும் இதே கதைதான். வண்டி விழுந்தால் தரையில் முதலில் படுவதற்காக மாட்டும் கட்டை. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ராட் வாங்கி நானே கடைகிறேன். நேக்கட்டுக்கு இது சுலபமான வேலை, என்ஜின் மவுன்ட் போல்ட்டில் நேராக வைத்து முடுக்கிவிடலாம், குட்டையாக இருந்தால் போதும். ஃபேரிங் வண்டியில் மவுன்ட் உள்ளே ஒளிந்திருக்கும். பேனலில் ஓட்டை போட்டு நீளமான ஸ்லைடரை வெளியே நீட்ட வேண்டும், அல்லது பிராக்கெட் போட்டுச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். நீளம் கூடினால் விழும்போது போல்ட்டில் வளைக்கும் விசையும் கூடும். பேனலைக் காப்பாற்றப் போய் ஃபிரேமின் மவுன்ட்டையே பிய்த்துக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்தில் ஸ்டாண்ட் மணலில் புதைந்து சாய்ந்தாலே ஃபேரிங் வண்டிக்கு ஒரு பக்கப் பேனல் போச்சு. நேக்கட்டுக்கு ஒரு லீவரும் ஹேண்டில் முனைக் குண்டும் போகும். குண்டை நான் கடைந்து தந்துவிடுவேன்.

"வளைவுல ஸ்போர்ட் பைக்தானே அண்ணே ராஜா" என்று ஒருவன் கேட்பான். எந்த வளைவில்? நம் மாவட்டத்தில் வளைவு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது, கேப்பர் மலை ஏற்றத்தில் ஓரிரண்டு திருப்பம். செஞ்சிப் பக்கம் போனால் பாறைகள் பார்க்க நன்றாக இருக்கும், ரோடு நேர்தான். வளைவு வேண்டுமென்று எங்கள் செட் கொல்லிமலைக்குப் போயிருக்கிறோம். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி. அங்கேயும் ராஜா நேக்கட்தான். அவ்வளவு இறுக்கமான திருப்பங்களில் வேகம் இருபதைத் தாண்டாது. அங்கே வேண்டியது அகலமான ஹேண்டிலும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவையும், நிமிர்ந்து அடுத்த திருப்பத்தைப் பார்க்கும் கழுத்தும். பாதி மலையில் மச்சான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இரண்டு கையையும் உதறிக்கொண்டிருந்தான். "மாமா, கீழ எறங்கும்போது நீங்க இதுல வாங்க" என்றான். இறக்கத்தில் கிளிப்-ஆன் என்றால் மொத்த உடம்பும் மணிக்கட்டில்தான். நான் காது கேட்காதவன் மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

ஸ்போர்ட் பைக்கின் வளைவு இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக். நீளமான, வேகமான வளைவுகள், எதிரே மாடு வராது. உடம்பைத் தொங்கவிட்டு, முன் சக்கரத்தில் எடையை ஏற்றி, காற்றில் மணிக்கட்டு மிதக்க, அந்த வண்டிகள் எதற்குப் பிறந்தனவோ அதைச் செய்யும் இடம். டிவிஎஸ் இந்த ஆர்ஆரை வைத்தே ரேஸ் நடத்துகிறது. டிராக் டேக்குப் போகும் எண்ணம் நிஜமாகவே இருக்கிறவன் ஸ்போர்ட் வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். "போகணும் அண்ணே, ஒரு நாள்" என்கிறவனுக்கு இது பொருந்தாது.

மற்ற ஜோடிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரிலியா 457 இரண்டும் பாராமதியில் தயாராகின்றன, 270 டிகிரி கிராங்க் வைத்த இரட்டை சிலிண்டர், 47.6 பிஎஸ். அந்த என்ஜினின் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். இந்த வரிசையில் எனக்கு ஆசை காட்டும் ஒரே வண்டி டுவோனோ. டியூக் 390இன் 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர் இரண்டும் தாராளம், கொஞ்சம் அவசரக்குடுக்கை, இருபத்திரண்டு வயசுக்குப் பொருந்தும். ஸ்பீட் 400 எல்லாருக்குமான வண்டி. வாத்தியார், பேங்க் ஆள் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்கிறேன். இன்டர்செப்டர் 650 இந்த விவாதத்துக்குள் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை, ஆனால் எப்போதும் வந்துவிடுகிறது. 52 நியூட்டன் மீட்டர், நல்ல வண்டி, இருநூறு கிலோவுக்கு மேல் எடை. சந்தில் தள்ளிப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22க்குப் பிறகு இன்னொரு கோடு விழுந்திருக்கிறது. 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. முன்பு இந்த இரண்டுக்கும் நடுவே செஸ் என்ற கூடுதல் வரி அளவுக்குத்தான் வித்தியாசம். கோடு விழுந்தபோது ஆர்டிஆர்–ஆர்ஆர் 310, ஆர்3, நிஞ்ஜா 300 எல்லாம் இந்தப் பக்கம், டியூக் 390, ஸ்பீட் 400, கெரில்லா 450, ஏப்ரிலியா 457 எல்லாம் அந்தப் பக்கம். கம்பெனிகள் விலையில் என்னென்னவோ சரிக்கட்டப் பார்த்தாலும், முந்நூறா நானூறா என்று ஊசலாடிக்கொண்டிருந்த பையன்கள் சிலரை இந்தக் கோடு முந்நூறு பக்கம் தள்ளிவிட்டது. கடலூர் ரோட்டுக்கு அது ஒன்றும் நஷ்டமில்லை.

புது வண்டியின் விலைக்குப் பயந்து செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட் தேடுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம். பேனல் பளபளப்பைப் பார்க்காதீர்கள், பேனல் திருகின் தலையைப் பாருங்கள். ஆலன் கீ போட்டு வழுக்கிய தடம் இருந்தால் அந்தப் பேனல் பலமுறை கழன்றிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். ஹேண்டிலை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பி, இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டை ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் வண்டி விழுந்த வண்டி. முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி மெதுவாக ஹேண்டிலை அசைத்து, நடுவில் ஒரு இடத்தில் கொக்கி போல நின்று போகிறதா என்று கவனியுங்கள்; நின்றால் ஸ்டீயரிங் பேரிங் வேலை இருக்கிறது. அப்புறம், பிஒய் 01, அதாவது புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிட்டு வராதீர்கள். கடலூரில் நிரந்தரமாக வைத்து ஓட்ட வேண்டுமென்றால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் நம்பருக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். பேசும்போது விற்கிறவரிடம் என்ஓசியை அவரே எடுத்துத் தரச் சொல்லிவிடுங்கள்.